ஒப்புக்குச் சப்பாணியா புது ஆட்டக்காரர்?

ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் லாபியில், ஆட்டம் தொடங்கக் காத்து நான்கு பேர் நிற்கிறார்கள். மூன்று பேர் போட்டிருக்கும் உடையை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. நாலாவது ஆள் சகுரா உடையில் வந்து நின்றதும் மைக்கில் பேச்சின் தொனி மாறுகிறது. "ப்ரோ, நீங்க சீசன் ஒண்ணுலேர்ந்தா?" 2018-இல் அந்த விளையாட்டின் முதல் எலைட் பாஸில் கிடைத்த உடை அது. அடுத்த சீசனில் வந்த ஹிப் ஹாப் உடைக்கும் இதே மவுசு. ஆடை அழகு என்பதற்காக யாரும் மரியாதை தருவதில்லை. எல்லோரும் வருவதற்கு முன்பே இவர் இங்கே இருந்தார் என்று அது சொல்கிறது. அதற்குத்தான் மரியாதை.

அந்த உடை உயிரைக் காப்பாற்றாது. சகுராவைத் துளைக்கும் தோட்டாவும் இலவச டீ-ஷர்ட்டைத் துளைக்கும் தோட்டாவும் ஒன்றுதான். ஆனால் அதே நான்கு பேரின் கையில் இருக்கும் துப்பாக்கிகளைப் பார்த்தால் கதை வேறு. ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கி ஸ்கின்கள் பல வெறும் வண்ணப்பூச்சு இல்லை. ஒன்று சேதத்தைக் கூட்டும், இன்னொன்று சுடும் வேகத்தைக் கூட்டும், பதிலுக்கு வேறெதிலாவது கொஞ்சம் குறைக்கும். நேற்று கணக்குத் தொடங்கிய பிளஸ் ஒன் மாணவன் வெறும் துப்பாக்கியோடு இறங்குகிறான். பல வருடம் ஆடி, டைமண்ட் என்ற விளையாட்டுக் காசுக்குப் பணம் கட்டிச் சேர்த்தவர் அதே பெயர் கொண்ட, ஆனால் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும் துப்பாக்கியோடு இறங்குகிறார்.

ஒரே லாபிக்குள் இரண்டு விதமான சம்பளம். உடை தருவது மரியாதை. துப்பாக்கி தருவது பலம். ஆன்லைன் விளையாட்டுகளின் மிகப் பழைய வழக்கு இந்த இரண்டையும் பற்றியதுதான். ஐந்து வருடம், பத்து வருடம் ஆடியவருக்கு விளையாட்டு என்ன கடன்பட்டிருக்கிறது? இன்று காலை வந்தவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

நம் தெருக்களில் இதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. கண்ணாமூச்சியோ ஓடிப்பிடியோ நடக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் நாலு வயதுத் தம்பியை விரட்டவும் மனம் வராது, ஆட்டத்தைக் கெடுக்கவும் விடமாட்டார்கள். "அவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், ஒளியலாம். பிடிபட்டால் அவுட் இல்லை, யாரையாவது பிடித்தாலும் கணக்கில்லை. அன்பான ஏற்பாடுதான். ஆனால் தான் கணக்கில் இல்லை என்று அந்தக் குழந்தைக்கு ஒருநாள் புரியும்போது முகம் வாடுமே, அந்த வாட்டத்தைத்தான் உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் பலவும் தங்கள் புது ஆட்டக்காரர்களுக்குத் தந்துகொண்டிருக்கின்றன.

திறமை ஒரு வழக்கே இல்லை

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பழையவர் நன்றாக ஆடுவார், புதியவர் தோற்பார் என்பது அநியாயம் ஆகாது. விஸ்வநாதன் ஆனந்த் 1986-லிருந்து 37 ஆண்டுகள் இந்தியாவின் முதல் தரவரிசைச் சதுரங்க வீரராக இருந்தார். 2023 செப்டம்பரில் அந்த இடத்துக்கு வந்த குகேஷுக்கு அப்போது வயது 17. ஆனந்தின் 37 வருடத்துக்கு ஈடாக அவருடைய பலகையில் ஒரு சிப்பாய்கூட அதிகமாக வைக்கப்படவில்லை. அவருக்கும் 16 காய்கள், குகேஷுக்கும் 16 காய்கள். வருடங்கள் அவர் தலைக்குள் இருந்தன. பலகையில் இல்லை.

தரவரிசையைக் கணக்கிடும்போதும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு புதியவருக்கு வழிவிடுகிறது. ஒவ்வொரு வெற்றி தோல்விக்கும் புள்ளி எவ்வளவு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு பெருக்கெண் உண்டு. புதிதாகப் பட்டியலுக்கு வந்தவருக்கு 30 ஆட்டம் முடியும்வரை அது 40. பிறகு 20. 2400 புள்ளியைத் தொட்டவருக்கு 10. புதியவர் தன் உண்மையான இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், மூத்தவரின் இடம் ஒரு கெட்ட வாரத்தில் சரிந்துவிடக் கூடாது. இரண்டு பேருடைய கவலையும் அந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆன்லைன் விளையாட்டுகள் பிறந்தபோதே வேறு பாதையில் போயின. 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற எழுத்துவழி விளையாட்டுதான் பலர் ஒரே நேரத்தில் வாழும் இணைய உலகங்களுக்கெல்லாம் பாட்டி. அதில் புள்ளிகள் சேர்த்து உச்சிக்குப் போனவர் 'மந்திரவாதி' ஆவார். பட்டம் மட்டும் இல்லை, அந்த உலகத்தையே இயக்கும் அதிகாரமும் சேர்ந்து வரும். மரியாதையும் பலமும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரப்பட்டது அங்கேதான். அந்த முடிச்சை அவிழ்க்க இன்றுவரை வடிவமைப்பாளர்கள் படாதபாடு படுகிறார்கள்.

எட்டவே முடியாத ஓட்டம்

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து நிறுவனமான சிசிபி, 2003 மே மாதம் 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டை வெளியிட்டது. விண்வெளிக் கப்பல்களும் வணிகமும் போரும் நிறைந்த உலகம். அதில் அரக்கனைக் கொன்று அனுபவம் சேர்க்கும் வழக்கம் கிடையாது. ஒரு திறனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் நிஜ உலகக் கடிகாரத்தோடு சேர்ந்து அது வளர்ந்துகொண்டே இருக்கும். அழகான யோசனை. வேலைக்குப் போகிறவரும் கல்லூரிக்குப் போகிறவரும் சமம். ஆனால் இதில் ஒரு முள் இருந்தது. 2003-இல் சேர்ந்தவரை 2010-இல் சேர்ந்தவர் மொத்தப் புள்ளிக் கணக்கில் எட்டிப் பிடிக்க அப்போது வழியே இல்லை. இருவருக்கும் கடிகாரம் ஒரே வேகத்தில்தான் ஓடியது. ஏழு வருட இடைவெளி ஏழு வருடமாகவே இருந்தது.

இதைக் கேட்டதும் பலர் பதிவிறக்கத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் கணக்கு அவ்வளவு கொடுமையாக இல்லை. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து படிகள்தான். மிகச் சாதாரணமான ஒரு திறனின் நான்காம் படிக்கு மொத்தம் 45,255 புள்ளிகள் போதும். ஐந்தாம் படிக்கு 2,56,000 வேண்டும். பெரும்பாலான திறன்களில் ஒவ்வொரு படியும் ஒரே அளவு பலனைத் தருகிறது. ஆக, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்தில் ஐந்தில் நான்கு பங்கு பலன் புதியவர் கைக்கு வந்துவிடும். மிச்சமிருக்கும் அந்தக் கடைசிப் பங்குக்காகத்தான் பழையவர் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். அதோடு ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கப்பலைத்தான் ஓட்ட முடியும். பதினைந்து வருடப் பழையவருக்கு நூறு விதக் கப்பல் ஓட்டத் தெரிந்திருக்கலாம். அவர் சின்னக் கப்பலில் ஏறி வந்தால், அந்த ஒரே கப்பலைச் சில மாதம் பழகியவர் அவருக்கு ஏறக்குறையச் சமம்.

அதைவிட முக்கியமானது, புதியவருக்கு அங்கே ஒரு நிஜமான வேலை இருந்தது. மலை போன்ற போர்க்கப்பலைச் சுட்டு வீழ்த்தக் கூட்டம் வந்து சேரும்வரை அது தப்பி ஓடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு ரிஃப்டர் போன்ற மலிவான, குட்டியான, வேகமான கப்பலே போதும். ஓரிரு நாள் அனுபவம் உள்ளவர்கூட அதை ஓட்டலாம். கூன்ஸ்வார்ம் என்ற கூட்டணி தொடக்க காலத்தில் இப்படிப்பட்ட புதியவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, மலிவான கப்பல்களில் ஏற்றி, பணமும் பலமும் பெருத்த பழைய கூட்டணிகளோடு மோத விட்டது. கப்பல் வெடித்தால் இன்னொன்று தருவார்கள். ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை அவர்கள். அவர்கள் வராவிட்டால் எதிரியின் பெருங்கப்பல் தப்பிவிடும்.

2016 பிப்ரவரியில் சிசிபி இன்னொரு கதவைத் திறந்தது. பழையவர்கள் தங்கள் திறன்புள்ளிகளை உறிஞ்சி எடுத்து ஊசி மருந்து போலச் சந்தையில் விற்கலாம், புதியவர்கள் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஊசியை 50 லட்சம் புள்ளிக்குக் குறைவாக வைத்திருப்பவர் போட்டுக்கொண்டால் 5 லட்சம் புள்ளி ஏறும். 5 கோடிவரை வைத்திருப்பவருக்கு 4 லட்சம். 8 கோடிவரை 3 லட்சம். அதற்கு மேலே போனவருக்கு 1.5 லட்சம்தான். இருப்பவருக்குக் குறைவாகவும் இல்லாதவருக்கு நிறைவாகவும் பரிமாறும் இந்தப் படிமுறையை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த ஊசியை வாங்க விளையாட்டுப் பணம் வேண்டும், அந்தப் பணத்தை நிஜக் காசு கொடுத்தும் பெறலாம். புதியவருக்காகப் போட்ட பாலத்தில் பணக்காரர் வண்டி முதலில் போய்விட்டது. பதிமூன்று வருடம் பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்கு வலித்ததும் அங்கேதான். புதியவர் முன்னேறியதில் அவர்களுக்குப் புகார் இல்லை. காலத்தால் மட்டுமே வாங்க முடியும் என்று நம்பியிருந்த ஒன்றுக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டதுதான் புகார்.

ஜெடைகள் மலிந்த நாள்

பழையவருக்குச் செய்த துரோகம் ஒரு விளையாட்டையே எப்படிச் சாய்க்கும் என்பதற்கு 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2003 ஜூனில் சோனி ஆன்லைன் நிறுவனம் வெளியிட்டது. ஸ்டார் வார்ஸ் படங்களைப் பார்த்த எவருக்கும் இருக்கும் ஆசை, ஒளிவாள் ஏந்திய ஜெடை ஆவது. ஆனால் கதை நடக்கும் காலத்தில் ஜெடைகள் அநேகமாக அழிந்துவிட்டவர்கள். அதற்கு விசுவாசமாக, ஜெடை ஆவதை வடிவமைப்பாளர்கள் ஏறக்குறைய நடக்காத காரியமாக வைத்தார்கள். தனக்கென்று விதிக்கப்பட்ட தொழில்கள் எவை என்பதே ஆட்டக்காரருக்குத் தெரியாது. சமையல்காரராக, நடனக்காரராக, வைத்தியராக, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறிக் கற்றுத் தேற வேண்டும். முதல் ஜெடை வருவதற்கே சில மாதங்கள் பிடித்தன. அதன் பிறகும் ஜெடை ஊருக்குள் தைரியமாக நடமாட முடியாது. வேட்டையாட ஆள் காத்திருக்கும்.

2005 நவம்பரில் ஒரு பெரிய மாற்றத்தை நிறுவனம் கொண்டுவந்தது. 'உலகம் மிகச் சிக்கலாக இருக்கிறது, புதியவர்கள் நுழைய முடியவில்லை' என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. அந்த ஒன்பதில் ஒன்று ஜெடை. முதல் நாள், முதல் திரை, ஒரு சொடுக்கு, ஜெடை. பல மாத இரவுகளை அதற்காகக் கொடுத்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் சந்தைத் தெரு முழுக்க ஒளிவாள். நடனத்தையும் தையலையும் வணிகத்தையுமே வாழ்க்கையாகக் கொண்டிருந்தவர்களின் தொழிலும் உருக்குலைந்து போயிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர்களிடம் ஒரு விரிவாக்கத்தைக் காசுக்கு விற்றிருந்தார்கள். கோபம் வெடித்ததும் பணத்தைத் திருப்பித்தர நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பழையவர்கள் சாரிசாரியாக வெளியேறினார்கள். புதியவர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2011 டிசம்பர் 15-இல் சர்வர்கள் அணைக்கப்பட்டன. மாற்றத்துக்கு முந்தைய அந்த உலகத்தை ரசிகர்கள் தாங்களே திரும்ப எழுதி, தனிச் சர்வர்களில் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புதியவரை வரவேற்றது அங்கே தவறில்லை. வரவேற்பு வளைவு கட்டுவதற்குப் பழையவரின் வீட்டுச் செங்கல்லைப் பிடுங்கியதுதான் தவறு.

ஒப்பிட்டுப் பார்க்க 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' சரியான ஆள். 2004 நவம்பரில் பிளிசார்ட் வெளியிட்ட இந்த விளையாட்டின் சந்தாதாரர்கள் 2010-இல் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டார்கள். 2006 ஜூனில் நாக்ஸ்ராமாஸ் என்ற மிதக்கும் கோட்டை திறந்தது. 40 பேர் கூடி, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒரே நேரத்தில் மூச்சுவிட்டால்தான் ஜெயிக்க முடியும் என்கிற மாதிரி இடம். மிகச் சிலரே அதை முடித்தார்கள். அங்கே கிடைத்த ஊதா நிறக் கவசங்கள் அந்த உலகத்தின் பொன்னாடைகள். ஏழு மாதம் கழித்து, 2007 ஜனவரி 16-இல் முதல் விரிவாக்கம் வந்தது. புதிய நிலத்தில் காலடி வைத்ததும், பன்றி அடித்துக் கொண்டுவரச் சொல்லும் சில்லறை வேலைகளுக்குக் கூலியாகப் பச்சை நிறக் கவசங்கள் கிடைத்தன. பழைய ஊதாக்கள் பலவற்றை அவை ஓரங்கட்டின.

பலருக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் விளையாட்டு சாகவில்லை, இன்னும் வளர்ந்தது. கேலக்ஸீஸில் பறிபோனது தனித்தன்மை. இங்கே தேய்ந்தது பலம் மட்டும். நாக்ஸ்ராமாஸை வென்றவர் என்ற பெயர் அவர்களிடமே இருந்தது. புதிய நிலத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று மறுபடியும் ஓடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கோட்டையைப் பத்துப் பேர், இருபத்தைந்து பேர் குழுக்களுக்காகப் பிளிசார்ட் மறுபடி திறந்தது. முதல் தடவை வாசலைக்கூடப் பார்க்காதவர்கள் உள்ளே போனார்கள்.

அதே நிறுவனம் இன்னும் நேர்த்தியாக ஒரு தீர்ப்பு சொன்னது பல வருடம் கழித்து. 2017-இல் வந்த மந்திரக் கோபுரம் என்ற தனிநபர்ச் சவால் மிகக் கடுமையானது. வென்றவருக்கு ஆயுதத்துக்கு ஓர் அபூர்வத் தோற்றம். 2018-இல் காலம் முடிந்தது, கோபுரம் மூடப்பட்டது, இனி கிடையாது என்றார்கள். புதியவர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பழையவர்கள் 'வாக்கு வாக்குதான்' என்றார்கள். 2021 டிசம்பரில் கோபுரம் திரும்பி வந்தது, வேறு பரிசுகளோடு. பழைய ஆயுதத் தோற்றங்கள் வென்றவர்களுக்கே உரியவையாக இருந்தன. அனுபவம் இருவருக்கும், அடையாளம் அவரவருக்கு. இந்தக் கட்டுரைக்காக அலசிய எத்தனையோ தீர்ப்புகளில் மனசுக்கு மிக நியாயமாகப் படுவது இதுதான்.

மாமியார்களின் வாக்குரிமை

சில இடங்களில் நீதிபதியே பழைய ஆட்டக்காரர்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேகெக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று, தன் விளையாட்டின் 2007-ஆம் வருட வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கொண்டுவரலாமா என்றே வாக்கெடுப்பு நடந்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக எது சேர்ப்பதென்றாலும் ஆட்டக்காரர்களின் வாக்கு வேண்டும். 75 சதவீதம் ஆதரவு இருந்தால்தான் நிறைவேறும் என்று நெடுங்காலம் இருந்து, பின்னர் 70 ஆகக் குறைந்தது.

இந்த விளையாட்டில் ஒரு திறனின் உச்சம் 99. அதற்கு 1 கோடியே 30 லட்சத்துக்கும் சற்று அதிகமான அனுபவப் புள்ளி வேண்டும். 92-ஆம் லெவலில் நிற்பவர் 'இன்னும் ஏழுதானே' என்று மகிழ்ந்தால், அவர் பாதி வழியில்தான் இருக்கிறார். அப்படியே அப்பட்டமாகப் பாதி. இந்த மலையைக் கையால் குடைந்து ஏறியவர்களிடம் போய், 'பின்னால் வருபவருக்குப் படிக்கட்டு வெட்டலாமா' என்று வாக்குச் சீட்டை நீட்டினால் என்ன சொல்வார்கள்? "நாங்க பட்டோம்ல, அவங்களும் படட்டும்." மருமகளாக இருந்தபோது பட்டதையெல்லாம் மாமியாரானதும் வட்டியோடு இறக்கும் குடும்பங்கள் நமக்குப் புதிதில்லை. இன்னும் சேராதவருக்கு வாக்கு கிடையாது என்பது இந்த ஜனநாயகத்தின் பெரிய ஓட்டை.

ஆனாலும் அவர்களின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எல்லாம் சுலபமானால் 99 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லாமல் போகும், பிறகு அதை நோக்கி ஏறப் புதியவருக்கே ஆசை இருக்காது என்கிறார்கள். அது நியாயமான பேச்சு. மெதுவாக என்றாலும் அந்தச் சபை மாறியும் இருக்கிறது. புதிய திறன் ஒன்றைச் சேர்க்கும் முயற்சி 2019-இல் வாக்கில் தோற்றது. கடற்பயணம் என்ற திறன் வாக்கில் வென்று 2025 நவம்பரில் அரங்கேறியது. அன்றைக்குப் பன்னிரண்டு வருடப் பழையவரும் ஒருவாரப் புதியவரும் அந்தத் திறனில் முதல் லெவலில்தான் இருந்தார்கள்.

இரண்டு பக்கமும் தோற்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 நவம்பரில் பங்கி நிறுவனம் 'டெஸ்டினி 2' விளையாட்டிலிருந்து அதன் முதல் கதையையும் நான்கு உலகங்களையும் அப்படியே தூக்கிப் பரணில் போட்டது. கூடவே பழைய துப்பாக்கிகள் பலவற்றுக்கு வலிமை வரம்பு விதித்தது. வருடக்கணக்கில் தேடிச் சேர்த்த துப்பாக்கி பழையவருக்குப் பயனற்றுப்போனது. புதியவருக்கோ படத்தின் முதல் பாதியே இல்லை, இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் விட்ட மாதிரி. துப்பாக்கி வரம்பை மேலும் நீட்டிக்கப்போவதில்லை என்று சில மாதங்களிலேயே நிறுவனம் அறிவித்தது. தூக்கிப் போட்ட உலகங்களின் விஷயம் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை.

பள்ளமும் ஏணியும்

இடைவெளி தானாக வளர்வது ஒரு வகை. வளர்த்து விற்பது இன்னொரு வகை. 2014-இல் பிளிசார்ட் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் நேராக 90-ஆம் லெவலுக்குத் தூக்கிவிடும் சேவையை 60 டாலருக்கு விற்றது. நண்பர்களோடு சேர வேண்டும், பத்து வருடப் பாதையை நடக்க நேரமில்லை என்பவருக்கு அது வசதி. ஆனால் பாதை அவ்வளவு நீளமாக இருப்பதால்தான் அந்த வசதிக்கு விலை. அதை நிறுவனமும் உணர்ந்திருக்க வேண்டும், 2020-இல் பாதையையே சுருக்கியது. 120-ஆம் லெவலில் நின்றவர்களை 50-க்கு இறக்கி, புது உச்சத்தை 60 ஆக்கியது. ஒரு காசு வாங்காமல் எல்லோருக்கும் செய்த அந்தச் சுருக்கல், விற்ற ஏணிகளைவிட நல்ல காரியம்.

2017 நவம்பரில் இஏ நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' வெளிவரவிருந்தபோது, படங்களின் வில்லனான டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க 60,000 விளையாட்டுக் காசு வேண்டும் என்றிருந்தது. ஒருவர் கணக்குப் போட்டார்: சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும். 60 டாலர் கொடுத்து வாங்கிய விளையாட்டில்! சண்டையில் பலம் கூட்டும் அட்டைகளோ நிஜப் பணத்துக்கு வாங்கும் பெட்டிகளிலும் இருந்தன. எதிர்ப்பு கடலாகப் பொங்கியது. விலை 15,000 ஆக இறங்கியது, விற்பனைக்கு வரும் தருணத்தில் பணப் பெட்டிகளே நிறுத்தி வைக்கப்பட்டன, அடுத்த மார்ச்சில் முன்னேற்ற முறையையே மாற்றி எழுதினார்கள்.

நம் பிள்ளைகள் பேருந்தில் ஆடும் 'கிளாஷ் ராயல்' இன்னும் நுணுக்கமானது. பின்லாந்தின் சூப்பர்செல் 2016-இல் வெளியிட்டது. எதிரியைத் தேர்ந்தெடுப்பது கோப்பைக் கணக்கை வைத்து. கையில் இருக்கும் சீட்டுகளின் லெவல் உயரமாக இருந்தால் திறமைக் குறைவை அது மூடிவிடும். வெகுநாள் 13 என்றிருந்த உச்சம் 2021-இல் 14 ஆனது, 2023-இல் 15 ஆனது. உச்சத்தைத் தொட்டுவிட்டோம் என்று பெருமூச்சு விட்ட பழையவருக்கு மறுபடி ஏற்றம். அப்போதுதான் வந்த புதியவருக்குத் தொடுவானமே இன்னும் தள்ளிப்போனது. பழையவரும் புதியவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேருடைய சட்டைப் பையும் ஒரே இடத்தில் காலியாகிறது. இந்தச் சண்டையில் எதிர்க்கட்சி யார் என்பதை ஆட்டக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வேறு வழியே இல்லை என்று நிறுவனங்கள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 'டோட்டா 2' 2013-இல் வந்தபோதே எல்லா நாயகர்களும் எல்லோருக்கும் இலவசம். பணம் உடைக்கும் அலங்காரத்துக்கும் மட்டுமே. அதன் போட்டியாளரான 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' விளையாட்டில் பலம் கூட்டும் ரூன்களைச் சேர்த்த காசு போட்டு வாங்க வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் அவற்றை எல்லோருக்கும் இலவசமாக்கியது அதை நடத்தும் ரையட் நிறுவனம். 'கில்டு வார்ஸ் 2' 2012-இல் வைத்த 80 என்ற லெவல் உச்சத்தை இன்றுவரை ஏற்றவில்லை. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வருபவர் பெட்டியைத் திறந்தால் தன் பழைய கவசம் இன்னும் உயர்தரமாகவே இருப்பதைப் பார்க்கலாம். 'ஃபோர்ட்நைட்' 2024 ஆகஸ்டிலிருந்து, பாஸில் கிடைக்கும் உடைகள் 18 மாதத்துக்குப் பிறகு கடைக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சகுரா போன்ற தனிப்பெருமை இனி குறையும்தான். ஆனால் விதியை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள், பின்னால் மாற்றவில்லை.

எதிரே நிற்பது யார்?

புதியவரைச் சமாளிக்க இன்னொரு குறுக்குவழியும் பரவியிருக்கிறது. பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டில் முதல் சில நாட்களில் வரிசையாகக் கொன்று குவித்த எத்தனையோ பேர், பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள், சுட்டதில் பாதிக்கு மேல் பாட்கள் என்று. மனிதப் பெயர் போட்டுக்கொண்டு தரையில் நின்று தப்பும் தவறுமாகச் சுடும் பொம்மைகள். கணினிப் பதிப்பான பப்ஜியில் 2020-இல் பாட்களைச் சேர்த்தபோது நிறுவனம் சொன்ன காரணமும் இதுதான்: பழையவர்களின் கை தேர்ந்துவிட்டது, புதியவர்கள் ஒரு கொலைகூட இல்லாமல் செத்துப் போகிறார்கள். ஃபோர்ட்நைட் அதற்கு முந்தைய வருடமே இதைச் செய்தது.

நீச்சல் பழக ஆழமில்லாத இடம் வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் பழகுகிறவரிடம் இது ஆழமில்லாத இடம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாட்டைவிட மோசம். தெருவில் அந்தத் தம்பியைச் சுற்றி நிற்பவர்களாவது உயிருள்ள அண்ணன்களும் அக்காக்களும்.

உயிருள்ளவர்களையே புதியவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திய விளையாட்டும் இருக்கிறது. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேன்டஸி 14' முதலில் 2010-இல் வந்து படுதோல்வி அடைந்தது. நவோகி யோஷிடா என்ற தயாரிப்பாளர் பொறுப்பேற்று, பழைய உலகத்தை 2012 நவம்பரில் மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார். தோற்ற நாட்களிலும் கைவிடாமல் சந்தா கட்டிய பழையவர்களின் பாத்திரங்களுக்கு உடலில் பச்சைகுத்திய ஒரு தனிக் குறி கிடைத்தது. இனி எவரும் எக்காலத்திலும் பெற முடியாத குறி. ஒரு துளி பலமும் அதில் கிடையாது. புதியவர் பெயருக்குப் பக்கத்திலோ ஒரு சின்னஞ்சிறு பச்சை முளை தெரியும். அந்த ஊரில் புதியவரை 'முளை' என்றே கூப்பிடுகிறார்கள். 'நூப்' என்று கூப்பிடும் ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஒரு சொல்லே எவ்வளவோ செய்துவிடுகிறது.

அந்த விளையாட்டில் தினம் ஒரு சீட்டுக் குலுக்கல் உண்டு. நூறாவது லெவல் உச்சத்தில் இருப்பவரும் அதில் பெயர் கொடுப்பார். தன் அடுத்த கவசத்துக்குத் தேவையான நாணயங்கள் அங்கேதான் கிடைக்கும். குழு எந்தக் குகைக்குள் போக வேண்டும் என்பது குலுக்கலில்தான் விழும், முன்பே தெரியாது. சஸ்தாஷா விழலாம், புதியவர்கள் முதலில் நுழையும் கடற்கொள்ளையர் குகை. உள்ளே போனதும் பழையவரின் லெவல் பதினைந்தை ஒட்டிய இடத்துக்கு இறங்கிவிடும். பெரிய மந்திரங்கள் எல்லாம் மங்கிப்போகும். கையில் இரண்டு மூன்று வித்தைதான் மிச்சம். திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு வரும்: குழுவில் ஒருவர் இந்த இடத்துக்கு முதல்முறையாக வந்திருக்கிறார், முடித்தால் எல்லோருக்கும் கூடுதல் நாணயம்.

நான்கு பேர். கேடயக்காரர் முளை. வழி தெரியாமல் முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் நிற்கும் மூன்று பேருக்கும் இந்தக் குகை மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒருவரும் முந்திப் போகவில்லை. அவர் வழியைக் கண்டுபிடிக்கும்வரை, மருத்துவப் பாத்திரம் ஆடுபவர் ஈரப் பாறைமேல் உட்கார்ந்துகொள்கிறார்.